தீக்குச்சி முங்கும் ஆழம்

1

இந்தக் கதையில் கற்பனை குறைவு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஒரு டயரின் பக்கவாட்டில் நான் பூசிய கறுப்புப் பாலிஷில்தான் இது தொடங்கியது. வருடம் 1986. அரூரில் கவுஸ் பாஷா பாயின் டயர் கடையில் எனக்கு விற்பனை வேலை.

முதல் வரியை 'மழை வலுத்த ஐப்பசியில் ஒரு ஜீப்' என்று ஆரம்பித்தேன். (அடித்துவிட்டேன். பழியை மழை மேல் போடும் வாக்கியம் அது.)

2

தீர்த்தகிரி சித்தேரி மலைக்கு ஜீப் ஓட்டுபவர். பாதை முழுக்கக் கல். டயர் வாங்க வந்தவர், மலைக்காரர்கள் எல்லோரையும் போலப் பட்டன்களுக்கு* நடுவே தீக்குச்சியை விட்டு ஆழம் பார்த்தார். மருந்து வரைக்கும் முங்கியது. முகம் மலர்ந்துவிட்டது.

"மலைக்குத் தாங்குமாங்க?"

"மூணு வருசத்துக்குக் கவலையே இல்லைங்க."

(* தரையில் படும் ரப்பர்க் கட்டிகளைப் பட்டன் என்போம். கல்பாதையில் முதலில் கிழிவது பக்கவாட்டு. அதை யாரும் பார்ப்பதில்லை. எனக்குத் தெரியும்.)

அந்த நாலு டயரும் இரண்டு கோடை தகரக் கூரையின் கீழ் வெந்தவை. பக்கவாட்டில் மயிரிழை வெடிப்புகள். "பழைய சரக்குன்னு சொல்லிட்டுக் குடுப்பா" என்றார் பாய். நான் பாலிஷ் போட்டேன், சொல்லவில்லை. கெட்ட எண்ணம் என்று எழுதினால் எனக்கு ஒரு கம்பீரம் வந்துவிடும். நீளமாகப் பேச வேண்டியிருக்குமே என்ற அலுப்பு, அவ்வளவுதான்.

3

அடுத்த மாதம் தீர்த்தகிரியின் மனைவி செல்லம்மாளுக்குப் பிரசவ வலி. அரூர் ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வழியில், கூரான ஒரு கல்லில்

(இந்த வாக்கியத்தைப் பதினோரு முறை தொடங்கியிருக்கிறேன்.)

ஒரு முடிவு: டயர் தாங்குகிறது. பெண் குழந்தை. எனக்கே படிக்கக் கூசுகிறது.

இன்னொன்று: டயர் கிழிகிறது, ஸ்டெப்னியை மாட்டி நேரத்துக்குப் போய்விடுகிறார்கள். இதில் நான் தப்பித்துக்கொள்கிறேன்.

நடந்தது: இரண்டு டயர்கள் அடுத்தடுத்துக் கிழிந்தன. ஸ்டெப்னி ஒன்றுதான் இருந்தது. மிச்ச தூரம் கம்பில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள். செல்லம்மாள் பிழைத்தார். குழந்தை பிழைக்கவில்லை.

4

பத்து நாள் கழித்துத் தீர்த்தகிரி கடைக்கு வந்தார். சண்டைக்குத்தான் என்று நினைத்தேன்.

"டயர் மேல குத்தம் இல்லைங்க. பட்டன் அப்புடியே இருக்குது பாருங்க. நாந்தான் பதட்டத்துல வேகமா எறக்கிட்டேன். வூட்ல அவ மூஞ்சியப் பாக்க முடியலைங்க."

நான் அவருக்கு டீ சொன்னேன். வேறெதுவும் சொல்லவில்லை.

எழுதுகிறவன் நினைத்தால் குழந்தையைக்கூடப் பிழைக்க வைக்கலாம். ஆனால் "தப்பு என்னுதுங்க" என்று அன்றைய என்னைப் பேச வைக்க முடியவில்லை. எழுதிப் பார்த்தால் கடையில் நிற்பது வேறு யாரோ ஒரு நல்லவன். வெட்கமாக இருக்கிறது.

5

மூன்று வருடமாகச் செல்லம்மாள் கணவரோடு பேசுவதில்லையாம். அவர் வேகமாக ஓட்டியதால்தான் பிள்ளை போனது என்று நம்புகிறார். தீர்த்தகிரியும் அப்படித்தான் நம்புகிறார்.

இருவருக்கும் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இவ்வளவையும் எழுதினேன். சித்தேரிப் பக்கம் போகிறவர்கள் யாராவது இதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.