அரிஸ்தார்கோ என்ற காதலன்

எங்கள் கரையோர ஊர்களில் பாடகன் பாட்டுக்கு நடுவே ஆட்களின் பெயரைக் கூப்பிடுவான். மாட்டுப் பண்ணைக்காரர், பஸ் முதலாளி, மேயரின் மைத்துனர், யார் பெயரும் வரும். சும்மா வராது, மேனேஜரிடம் பணம் கட்ட வேண்டும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். நூரிஸுக்கும் தெரியும். ஆனால் ரேடியோவில் அவள் காதலன் தெய்மெரின் புதுப் பாட்டு வந்த அன்று அவளுக்கு அது மறந்தே போயிற்று.

"யுரானிஸ், என் கண்ணே, இது உனக்கு!" என்று அவன் அக்கார்டியன் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

நூரிஸுக்குப் பதினேழு வயது. சந்தை முனையில் முட்டை வைத்த சோள அடை பொரித்து விற்பவள். தெய்மெருக்குப் பதினெட்டு. வெளியூர்க்காரன். போன திருவிழாவுக்குப் பாட வந்து, அவள் கடையில் அடை தின்று, அப்புறம் தினமும் போனில் கூப்பிட ஆரம்பித்தவன். இப்போது பஸ்களின் முதுகில் எல்லாம் அவன் முகம்தான். ஆனால் எந்தப் பாட்டிலும் அவள் பெயர் வந்ததில்லை.

"உன் ஆளு எவளையோ கண்ணேங்கறான். நீ எண்ணெயைப் பாருடி, கருகுது" என்றாள் பக்கத்துக் கடை மாரெலிஸ்.

"எண்ணெய் கருகலக்கா. நான்தான் கருகுறேன்."

அன்று போனில் சண்டை.

"அது பணம் கட்டின பேருடி. பொறந்தநாளுக்கு அவ அப்பன் கட்டினான். நான் அவ மூஞ்சியக்கூட பாத்ததில்ல."

"பாக்காத மூஞ்சிக்கு எதுக்குக் கண்ணே?"

"கட்டினா கூப்பிடணும், அவ்வளவுதான்."

அவள் போனை வைத்துவிட்டாள். மாவு பிசையும்போது அவள் மனதில் யுரானிஸுக்கு நீள முடி வந்தது. துணி துவைக்கும்போது கன்னத்தில் குழி விழுந்தது. ஒரு வாரத்தில் அந்தப் பெண் தாங்க முடியாத அழகியாகிவிட்டாள்.

திருவிழா வந்தது. தகர வேலி போட்ட கொட்டகையில் கச்சேரி. தொடங்குமுன் பசியோடு வந்த மேனேஜருக்கு நூரிஸ் தட்டு நிறைய அடை வைத்தாள்.

"காசு வேணாம்ணே. ஒரு பேரை அவர் காதுல போட்டுடுங்க, போதும்."

வாய் நிறைய அடை இருந்தவன் கேள்வி கேட்கவில்லை.

மூன்றாம் பாட்டில் மேனேஜர் தெய்மெரின் காதில் குனிந்தான். காதில் விழுவதை அப்படியே கத்துவது தெய்மெருக்குப் பழக்கம்.

"நூரிஸ் பலோமினோவுக்கு! விடியக்காலையில உன் முகத்துலதான் முழிக்கிறேன்! அன்புடன், அரிஸ்தார்கோ!"

கத்தி முடித்த பிறகுதான் சொன்னது அவனுக்கு உறைத்தது. கொட்டகையே சிரித்துப் புரண்டது. அரிஸ்தார்கோ, நூரிஸின் அப்பாவுடைய தண்ணீர் வண்டி இழுக்கும் கழுதை. ஊரே அது கொண்டுவரும் தண்ணீரைத்தான் குடிக்கிறது. தெய்மெருக்கு அது தெரியாது. காதலியைப் பறிகொடுத்தவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்தான். அடுத்த வரி வரவில்லை. அக்கார்டியன்காரர் வாசித்ததையே திரும்ப வாசித்துச் சமாளித்தார்.

மறுநாள் காலையில் தெய்மெர் கறுப்புக் கண்ணாடியோடு நூரிஸ் வீட்டு வாசலில் நின்றான். அவள் அப்பா எலியேசெர் வண்டிச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஐயா, அரிஸ்தார்கோ எங்க?"

"கொல்லையில தின்னுட்டிருக்கான். ஏன்?"

"இங்கேயேவா இருக்கான்?"

"பின்ன எங்க போவான்?"

"உங்க பொண்ணு இருக்கற வீட்டுலயா? நீங்க ஒண்ணும் சொல்றதில்லையா?"

"அவதான்ப்பா அவனைக் குளிப்பாட்டுறதே."

தெய்மெர் முஷ்டியை மடக்கிக்கொண்டு கொல்லைக்கு ஓடினான். நூரிஸ் கழுதையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "அரிஸ்தார்கோ, கால எடுடா" என்றாள். கழுதை காலை எடுத்தது.

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. "ராத்திரி பூரா தூங்கல, நூரிஸ்."

"நல்லா வேணும். நான் ஒரு வாரமா தூங்கல."

"ஊரு முன்னாடி என்னைக் கேவலப்படுத்திட்டியே."

"அடை கட்டின பேரு அது. கட்டினா கூப்பிடணும், அவ்வளவுதானே?"

அவன் தண்ணீர்க் கேனைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தான். பிறகு எழுந்து இன்னொரு பிரஷை எடுத்துக் கழுதையின் மறுபக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினான்.

"அந்த யுரானிஸ், அழகா இருப்பாளா?" என்றாள் கழுதையின் முதுகுக்கு மேலே எட்டிப் பார்த்து.

"பாத்ததே இல்லைங்கறேன்!"

"சரி, சும்மா கேட்டேன்."

அவன் இன்னும் கொஞ்சம் தேய்த்தான்.

"இந்த ஊர்ல வேற அரிஸ்தார்கோ யாரும் இல்லையே?"