இடது கைச் சீட்டு

...தையல்காரம்மாவாக மட்டும் இருக்காது, இருக்கவும் கூடாது, கல்யாண உடைக்கு அளவெடுத்து, நூல்கண்டைக்கூட வெயிலில் காட்டி நிறம் பார்த்து வாங்கி வைத்திருக்கிறவள் அந்தக் கல்யாணமே நின்றுபோகட்டும் என்று எழுதுவாளா, ஆனால் சீட்டு எடுத்த நேரத்தில் அவள் ஏன் அப்படிச் சிரித்தாள், சும்மா சிரித்திருப்பாள், அவள் முகமே அப்படித்தான்... என்று தனக்குள் வாதாடிக்கொண்டே பேருந்து ஜன்னலோரத்தில் கைப்பையை மடியோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். பைக்குள் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் அந்தச் சீட்டு, நாலாக மடித்தது, மாதர் ஜெபக்கூட்டத்தில் அரை மணி நேரத்துக்கு முன் டப்பாவுக்குள் கைவிட்டுத் தன் கையாலேயே எடுத்தது. ‘வேறு மார்க்கத்துப் பையனோடான இந்தக் கல்யாணம் எப்படியாவது நின்றுபோக வேண்டும். யார் மனம் உடைந்தாலும் சரி.’ பெயர் இல்லை. பெயர் எதற்கு, இந்தச் சபையில் இப்போது அப்படி நடக்க இருக்கும் கல்யாணம் ஒன்றே ஒன்று, இன்னும் ஐந்து வாரத்தில், அவள் மகளுடையது. எடுத்தவள் ஏழு நாளைக்கு, காலையும் மாலையும், எழுதியிருப்பதை எழுதியிருக்கிறபடியே வேண்டிக்கொள்ள வேண்டும், மாற்றிக்கொள்ளக் கூடாது, யாரிடமும் காட்டக் கூடாது, அடுத்த சனிக்கிழமை வந்து கிழித்துப் போட வேண்டும். பதினாறு வருஷமாக ஒரு சீட்டைக்கூட அவள் ஏமாற்றியதில்லை. ஆண்டவரே, இந்தக் கல்யாணம்... என்று கண்ணை மூடி ஆரம்பித்தாள், அதற்கு மேல் நாக்கு நகரவில்லை, கண்ணைத் திறந்தால் பக்கத்து இருக்கைக்காரர் இவளுக்கு ஏதோ மயக்கம் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் டீச்சர் செய்த ஏற்பாடு. பெயர்தான் ஜெபக்கூட்டமே தவிர, ஓய்வுபெற்றும் பள்ளிக்கூடத்தை விடாதவள் டீச்சர், கூட்டத்தில் பாதிப் பேர் அவளிடம் படித்தவர்கள், யார் எழுத்து என்று பார்த்ததுமே சொல்லிவிடுவாள், அதனால்தான் எல்லோரும் இடது கையால் எழுத வேண்டும் என்று சட்டம் போட்டாள். பதினெட்டுப் பெண்கள் நாக்கைத் துருத்திக்கொண்டு இடது கையால் கிறுக்குவதைப் பார்த்தால் பாலர் வகுப்பு தோற்றுவிடும். எழுதியதை மடித்து பிஸ்கட் டப்பாவில் போடுவது, குலுக்குவது, ஆளுக்கொன்று எடுப்பது. ஒரு தடவை ‘மாமியாருக்கு முட்டிவலி சீக்கிரம் தீர வேண்டும், தீர்ந்தால்தான் ஊருக்குப் போவார்கள்’ என்ற சீட்டு அந்த மாமியார் கையிலேயே போய்ச் சேர்ந்தது, அந்த அம்மாள் ஏழு நாளும் மனதார வேண்டிக்கொண்டு, முட்டியும் சரியாகி, ஊருக்கும் போகாமல் இங்கேயே இருந்துவிட்டார். அப்படிச் சிரித்த கூட்டம். அவளுடைய கணவர் ஆஸ்பத்திரியில் கிடந்த பத்தொன்பது நாளும் ஒருவேளைகூட அவள் அடுப்பு மூட்டாமல் பார்த்துக்கொண்ட கூட்டம். அந்தக் கைகளில் ஒன்றா இதை எழுதியது, எந்தக் கை, ரசம் கொண்டுவந்த கையா, துணி துவைத்துக் கொடுத்த கையா... இன்றைக்கு டீச்சர் டப்பாவைப் பளபளவென்று கொண்டுவந்து வைத்தாள், “அடியில விரிச்சிருந்த தாள் மக்கிப்போச்சு, எடுத்துட்டுப் புதுசு போட்டுருக்கேன்” என்று அதற்கும் ஒரு கைதட்டல் வாங்கினாள். புதுத்தாள் போட்டென்ன, மேலே விழுந்தது இதுதானே.

அவளும் எழுதினவள்தான், அதை மறக்கவில்லை. ஆறு மாதத்துக்கு முன், மகள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, “அம்மா, ஒருத்தரைப் பிடிச்சிருக்கு, அவங்க வீட்டுல வேற சாமி” என்று சொன்னாளே, அந்த வாரம். முகம் வீங்க அழுதுவிட்டுக் கூட்டத்துக்குப் போய் எழுதினாள். என்ன எழுதினாள்... ‘பிள்ளைக்கு எது நல்லதோ அதையே செய்யும் ஆண்டவரே’, அவ்வளவுதான், அப்படித்தான், அதற்குமேல் ஒரு சொல் இல்லை. எவளோ ஒரு புண்ணியவதி எடுத்து ஏழு நாள் வேண்டியிருப்பாள், அதனால்தான் தன் மனம் மெல்ல மெல்ல இளகியது, பையனைப் பார்த்தாள், பிடித்தது, பிடித்ததே என்று கோபம் வந்தது, பிறகு அந்தக் கோபமும் போனது. போதகர்கூட “கோயில்ல வச்சு நடத்த எனக்கு அதிகாரம் இல்ல, மண்டபத்துக்கு வேணும்னா சாப்பிட வர்றேன்” என்றார், பாம்பும் சாகக் கூடாது கம்பும் முறியக் கூடாது என்கிறமாதிரி, சரி, அந்த மட்டுக்கும் நல்லது என்று எடுத்துக்கொண்டாள். ஆனால் இப்போது யோசித்தால் ஒவ்வொன்றாக வருகிறது. முதலில் பேசிய மண்டபம் ஏன் கைவிட்டுப் போனது? அழைப்பிதழில் தேதி ஏன் தப்பாக அச்சானது? மாப்பிள்ளைக்குப் போன மாதம் கணுக்கால் ஏன் பிசகியது? யாரோ ஒருத்தி முழங்காலில் நின்று நிற்கட்டும் நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள், அந்தப் பிசாசு யார்?

டீச்சராக இருக்காது, டீச்சர் எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள், முகம் சிவக்கும்வரை சொல்லுவாள். கூட்டத்துக்கு வருகிற பேங்க்காரிக்கு அடுத்தவர் வீட்டைப் பற்றி நினைக்க நேரம் ஏது. சுற்றிச் சுற்றி மறுபடி தையல்காரம்மாவிடமே வந்து நின்றது மனசு. அளவெடுக்கும்போது வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டே, “ஏங்க்கா, நாளைக்குப் பிள்ளைங்க பிறந்தா எந்தச் சாமியைக் கும்பிடும்?” என்று கேட்டாளே. கேட்டது ஒரு வார்த்தை, அதுவும் ஊரெல்லாம் கேட்கிற வார்த்தை, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா. ஆனாலும் கேட்டாள் அல்லவா? சிரித்தாள் அல்லவா? பையிலிருந்து விருந்தினர் பட்டியலை எடுத்தாள், பேனாவைத் திறந்தாள், பேருந்து ஒரு பள்ளத்தில் குலுங்கி அடங்கும்வரை காத்திருந்து, தையல்காரம்மா, கணவர், இரண்டு பிள்ளைகள் என்று எழுதியிருந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டாள், போதாது என்று இன்னொன்று. பட்டியலை மடித்துப் பைக்குள் வைத்தாள், இறங்கும் இடம் வந்தபோது இதென்ன கஷ்டகாலம் என்று படியில் காலை வைத்தாள்.

வீட்டில் சம்பந்தியம்மா வந்திருந்தாள். கூடத்தில் தரையெல்லாம் தாள், நடுவில் மகள் சம்மணமிட்டு, பென்சிலும் அடிக்குச்சியுமாக மண்டபத்து மேடையை வரைந்துகொண்டிருந்தாள், நாற்காலிக்கெல்லாம் சின்னச் சின்னக் கட்டம். “வாங்க வாங்க, உங்களுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கோம், ஒரே குழப்பம்” என்றாள் சம்பந்தியம்மா, குழப்பம் என்பதைத் திருவிழாக் கூட்டத்தைப் பற்றிச் சொல்வதுபோல அவ்வளவு சந்தோஷமாக. “எங்க விளக்குலேர்ந்து உங்க மெழுகுவத்தியைப் பத்த வைக்கறதா, உங்க மெழுகுவத்திலேர்ந்து எங்க விளக்கையா? எனக்கு எல்லாம் ஒண்ணுதான். எங்க பெரியவங்கதான் நெருப்பு எந்தப் பக்கத்துலேர்ந்து வந்துச்சுன்னு கண்ணுல எண்ணெய் ஊத்திக்கிட்டுப் பார்ப்பாங்க.” மகள் நிமிராமலே, “ரெண்டையும் ஒரே லைட்டரால பத்த வச்சிடலாம் அத்தை” என்றாள், சம்பந்தியம்மா தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்ததும் பைக்குள் இருந்த சீட்டு ஞாபகம் வந்தது, இந்தச் சம்பந்தியம்மா முன்னால் சிரித்துவிட்டு உள்ளே போய் இந்தக் கல்யாணம் நிற்கட்டும் என்று முழங்கால் போட வேண்டுமா, போடாவிட்டால் பதினாறு வருஷத்துச் சத்தியம் என்ன ஆவது, போட்டால்... கேட்டுவிட்டால்? ஆண்டவர் எழுதினவளைப் பார்த்துக் கேட்பாரா, வேண்டினவளைப் பார்த்தா? இரண்டு பேர் இரண்டு விதமாகக் கேட்டால் அவர்தான் என்ன செய்வார், பாவம். “முகமே சரியில்லையே, அலைச்சல். நீங்க உக்காருங்க, டீ நான் போடறேன், சர்க்கரை டப்பா எங்கன்னு எனக்குத் தெரியும்” என்று சம்பந்தியம்மா எழுந்து அடுக்களைக்குப் போனாள், வந்த மூன்றாவது தடவையே சர்க்கரை டப்பா இருக்கும் இடம் தெரிந்துவிட்ட மனுஷி.

மகள் பையிலிருந்து பட்டியலைத் தானே எடுத்துக்கொண்டாள், நாற்காலிக் கணக்குக்கு. விரலால் வரி வரியாக இறங்கி வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். “தையல் அக்கா பேரை ஏம்மா அடிச்சிருக்க?” ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பேருந்து ஏறினதிலிருந்து உள்ளே கொதித்தது பொங்கிவிட்டது. சட்டமாவது ஒன்றாவது என்று சீட்டை எடுத்துப் பிரித்து மகள் கையில் திணித்தாள். “பாரு, நல்லாப் பாரு, கூட உக்காந்து ஜெபம் பண்றவ எழுதினது. சிரிச்சுக்கிட்டே அளவெடுத்தவ எழுதினது.” சத்தம் உயர்ந்துவிடாமல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். மகள் படித்தாள். மறுபடி படித்தாள். ஜன்னல் பக்கம் திருப்பி வெளிச்சத்தில் வைத்துப் படித்தாள், அவள் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தால் வேறு என்னமோ வந்தது. “அம்மா... இது உன் எழுத்து.”

என் எழுத்தா, உனக்கென்ன பைத்தியமா, இது இடது கையால எழுதினது, யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும்... “எனக்குத் தெரியாதாம்மா? நான் மூணாவது படிக்கறப்ப நீ குளியலறையில விழுந்து வலது கையில கட்டுப் போட்டிருந்தியே. ரெண்டு மாசம் என் சாப்பாட்டு டப்பாவுல தினமும் ஒரு துண்டுத்தாள் வச்ச. மிச்சம் வைக்காதே, குடையை மறக்காதே, சாயங்காலம் அம்மா வருவேன். எல்லாம் இந்த எழுத்துலதான். இப்படித்தான் எல்லா எழுத்தும் பின்னால சாஞ்சு நிக்கும். நான் அதையெல்லாம் வச்சிருக்கேன், வேணும்னா எடுத்துட்டு வரேன்.” வேண்டாம் என்று கையைக் காட்டினாள். டப்பாவின் அடியில் விரித்திருந்த மக்கிய தாள் நினைவுக்கு வந்தது. அந்த வாரம் ஒருத்திக்குச் சீட்டுக் கிடைக்காமல் போனதும் நினைவுக்கு வந்தது. தாளுக்குக் கீழே நழுவிப்போய், ஆறு மாதமாக, யார் கைக்கும் அகப்படாமல் கிடந்து, டீச்சர் தாளை எடுத்ததும் மேலே வந்து... அப்படியானால் ‘பிள்ளைக்கு எது நல்லதோ’ என்று எழுதியது? அதை எழுதவே இல்லையா? எழுத நினைத்தாளா, எழுதியிருக்கலாம் என்று பிறகு நினைத்தாளா, நினைத்து நினைத்து அதுவே எழுதினதாகிவிட்டதா? யார் மனம் உடைந்தாலும் சரி... இதுவா அவள் வாக்கியம், இந்தப் பிள்ளையைப் பற்றியா? மண்டபம் கைவிட்டது, தேதி தப்பாக அச்சானது, கணுக்கால் பிசகியது, எதற்கும் எவளும் முழங்காலில் நிற்கவில்லை. யாருமே வேண்டவில்லை. கடைசியில் வேண்டச் சொல்லி அவளிடமே வந்திருக்கிறது. தான் வேலை பார்க்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் தினமும் நாற்பது பேரை உட்கார வைத்துக் கடைசி வரி தெரிகிறதா என்று கேட்கிறவள், தான் எழுதின இரண்டு வரி தெரியாமல், ஒரு நல்லவளை, ஆறுதலாக இருந்தவளை, குடும்பத்தோடு அடித்துவிட்டு வந்து நிற்கிறாள்... வெட்கம் காதுவரை சுட்டது.

மகள் சீட்டை இருந்த மடிப்பிலேயே மடித்தாள். கிழிப்பாள் என்று நினைத்தாள், கிழித்துவிடேன் என்றுகூட நினைத்தாள், அவள் கிழிக்காமல் திருப்பிக் கொடுத்தாள். “இன்னும் அப்படித்தான் நினைக்கிறியாம்மா?” என்றாள், சண்டைக் குரலில் இல்லை, பசிக்கிறதா என்று கேட்கிற குரலில். இல்லை என்று சொல்ல வேண்டும், ஒரே ஒரு சொல், உண்மையும் அதுதான், பையனைப் பிடித்திருக்கிறது, அடுக்களையில் நிற்கிற பெண்பிள்ளையைப் பிடித்திருக்கிறது, பிறகு ஏன்... ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றாவது பெஞ்சில் தனக்குப் பக்கத்தில் மகள் உட்காரும் இடம், அங்கே இனிமேல் யார், கைப்பையை வைத்துக்கொள்வதா... உள்ளே சம்பந்தியம்மா டீயைக் கலக்கும் கரண்டிச் சத்தம் மூன்று சுற்று கேட்டது, நின்றது. “இல்ல” என்றாள். சொல் வந்துவிட்டது, ஆனால் அந்த மூன்று சுற்றுக்குப் பிறகுதான் வந்தது, அதை அவளும் கேட்டாள், மகளும் கேட்டாள்.

மகள் பட்டியலை மடியில் வைத்து, அடித்த வரிக்குப் பக்கத்தில் தையல் அக்கா, நாலு பேர் என்று புதிதாக எழுதினாள். பிறகு மேடைப் படத்தை இழுத்து, முன்வரிசையில் பென்சிலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். “உனக்கு ஓரத்துல போடட்டுமா, நடுவுலயா?” “நடுவுல போடு” என்றாள் உடனே, கேள்வி முடிவதற்குள், யாரோ அந்த நாற்காலியைப் பறித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்கிறமாதிரி. மகள் கட்டம் போட்டு அதற்குள் ‘அம்மா’ என்று எழுதினாள். சம்பந்தியம்மா மூன்று டம்ளரோடு வந்துகொண்டிருந்தாள், வாங்கிக்கொள்ள வேண்டும், கை நீட்ட வேண்டும், ஆனால் உள்ளங்கையில் சீட்டு, இன்றைய மாலை ஜெபம் இன்னும் சொல்லவில்லை, இன்னும் ஏழு நாள், தாமதமாக வந்த ‘இல்ல’ என்ற சொல்லா, முந்திக்கொண்டு வந்த ‘நடுவுல’ என்ற சொல்லா, எது தன்னுடையது, இரண்டையுமே சொன்னது இதே வாய்தானே என்று நினைத்துக்கொண்டே சீட்டை இடது கைக்கு மாற்றி, வலது கையால் டம்ளரை வாங்கினாள்.