பரிமளா பார்த்த கருங்காலி

பாடாலூரில் நெடுஞ்சாலை ஓரம் கருங்காலி மாலைக் கடை போட்டிருந்த பரிமளாவுக்கு வாய்தான் மூலதனம். டீ குடிக்கக் காரை நிறுத்துகிறவர்களை, அந்த டீ ஆறுவதற்குள் கழுத்தில் ஒரு மாலையோடு அனுப்பிவிடுவாள். போன மாதம் அவள் செல்போனில் எடுத்துப் போட்ட வீடியோ ஒன்று ஊரெல்லாம் சுற்றியது. “அசல் கருங்காலிங்க! நம்ம பச்சமலையில நம்ம ஆளுங்களே ஏறி வெட்டிட்டு வந்தது. போட்டுப் பாருங்க, செவ்வாய் தோஷம் சொல்லாமக் கொள்ளாம ஓடும்!” என்று அதில் முழங்கியிருந்தாள். அதற்குப் பிறகு வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது.

ஒரு புதன்கிழமை காலையில் கடை முன்னால் வனத்துறை ஜீப் வந்து நின்றது. வனச்சரகர் ஹேமலதா இறங்கி வந்து, தன் போனை நீட்டி அதே வீடியோவை ஓடவிட்டார்.

“இது நீங்கதானே?”

பரிமளாவுக்குப் பெருமை தாங்கவில்லை. “ஆமாங்க மேடம். நீங்களும் பாத்தீங்களா?”

“பாத்துட்டுத்தான் வந்திருக்கோம். நீங்க சொல்ற மலை காப்புக்காடு. அங்க அனுமதி இல்லாம ஒரு கிளைய ஒடிச்சாலும் கேஸ். இந்த மாலை மோகம் வந்ததுல இருந்து இருக்கிற கொஞ்சநஞ்சக் கருங்காலியும் காணாமப் போயிட்டிருக்கு. வெட்டுனவன் மட்டுமில்ல, தெரிஞ்சே வாங்கி விக்கிறவங்களும் உள்ள போகணும். யாரு உங்களுக்கு வெட்டிக் குடுக்கறது?”

பரிமளா ஓரக்கண்ணால் பார்த்தாள். சென்னைக்குப் போகிற ஒரு தம்பதி ஆளுக்கொரு மாலையைக் கையில் எடுத்துவைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றிருந்தார்கள். உண்மையைச் சொன்னால் பேர் போகும். சொல்லாவிட்டால் அவளே உள்ளே போக வேண்டியதுதான்.

ஒரு மாலையை அறுத்து, மணி ஒன்றைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் ஓங்கிப் போட்டாள். மணி இரண்டாகப் பிளந்தது. உள்ளே தேங்காய்ச் சில்லு மாதிரி வெள்ளை வெளேரென்று இருந்தது.

“கருங்காலியும் இல்ல, ஒண்ணும் இல்லங்க மேடம். சாயம் போட்ட கட்டை. மொத்த வியாபாரிகிட்ட மூட்டையா வாங்குறேன். மலைப் பக்கம் நான் தலைவச்சுக்கூடப் படுத்ததில்ல!”

அந்தத் தம்பதி மாலைகளைப் பொத்தென்று போட்டுவிட்டுக் காருக்கு நடந்தார்கள். ஹேமலதா வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார். “இதுவும் ஏமாத்து வேலைதாம்மா. முதல்ல வாசல்ல தொங்குற அந்த ‘அசல் கருங்காலி’ போர்டை இறக்குங்க.”

போர்டின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவள் சட்டென்று திரும்பினாள். “மேடம், அசலை நான் நேத்து பாத்தேங்க!”

முந்தின நாள் குருமூர்த்தி என்று ஒருவன் வந்திருந்தான். வீடியோவைப் பார்த்து, அவளைப் பெரிய வியாபாரி என்று நம்பி வந்தவன். மை போலக் கறுத்த கட்டைத் துண்டு ஒன்றைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினான். சின்னத் துண்டுதான், ஆனால் இரும்புக் கனம் கனத்தது. பூலாம்பாடிக்கு அந்தப்புறம் மலையடிவாரத்துக்கு வந்தால் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று நம்பரும் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

ஹேமலதா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். “அவனைக் கையும் களவுமாப் பிடிக்கணும். இன்னைக்கே வரேன்னு அவன்கிட்ட சொல்றீங்களா? கட்டாயமில்ல. பயமா இருந்தா வேணாம்.”

பயமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள்ளேயே, திருவிழா ராட்டினத்தில் ஏறி உட்கார்ந்தது போல ஏதோ ஒன்று குபுகுபுவென்று கிளம்பியது. “பேசுறதுதானே மேடம்? அது ஒண்ணுதான் எனக்கு வரும்” என்று போனை எடுத்தாள்.

வனக்காவலர் அரியமுத்து சீருடையைக் கழற்றிவிட்டு லுங்கிக்கு மாறி, அவளுடைய கொழுந்தனாராகப் பைக்கை ஓட்டினார். அடிவாரம் வந்ததும் பரிமளா ஹேமலதாவை அழைத்து, இணைப்பைத் துண்டிக்காமலே போனைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். ஜீப் கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் நின்றது.

மக்காச்சோளக் கொல்லை வரப்பில் குருமூர்த்தி காத்திருந்தான். “இவரு யாரு?”

“எங்க வூட்டுக்காரரு தம்பிங்க. கட்டையத் தூக்க ஆள் வேணாமா?”

அவன் முன்னால் நடந்தான். பரிமளா வழி நெடுக வாய் ஓயாமல் வந்தாள். “என்னங்க, மோட்டார் கொட்டகையத் தாண்டி இடது பக்கமா இழுத்துட்டுப் போறீங்க?” கொஞ்ச தூரம் போனதும், “ஐயோ, ஓடையில செருப்பு மாட்டிக்கிச்சே!” இன்னும் மேலே போய், “இம்மாம் பெரிய பாறையையா சுத்திக்கிட்டு ஏறணும்?”

“மெதுவாப் பேசும்மா” என்று குருமூர்த்தி பல்லைக் கடித்தான்.

“எனக்கு மெதுவாப் பேச வராதுங்க.” அது மட்டும் பொய்யில்லை.

பாறையைத் தாண்டியதும் மெஷின் ரம்பத்தின் இரைச்சல் காதில் விழுந்தது. ஒரு மரம் ஏற்கெனவே சாய்ந்து துண்டு துண்டாகக் கிடந்தது. ஓரமெல்லாம் வெளுப்பு, நடுவில் கன்னங்கரேலென்று வைரம் பாய்ந்திருந்தது. அதற்கு அடுத்து இன்னொன்று, அதைவிடப் பெரியது, நிழல் விரித்து நின்றது. இரண்டு பேர் ரம்பத்தை அதன் அடிமரத்துக்குக் கொண்டுபோனார்கள். பட்டை தெறித்தது. அரியமுத்து ஒற்றை ஆள். ஹேமலதாவைக் காணோம்.

“நிறுத்துங்கப்பா!” என்று பரிமளா கத்திக்கொண்டே ஓடி, ரம்பக்காரன் முன்னால் கையை நீட்டினாள். “இன்னைக்குப் புதன்கிழமை. சூரியன் உச்சியில நிக்கிது. ராகு காலத்துல வெட்டுன மரத்தை எவன் கழுத்துல போடுவான்? வெட்டுன கைக்குத்தான் முதல்ல ஆவாது!”

ரம்பக்காரன் வெலவெலத்துப்போய் மெஷினை அணைத்தான்.

“அட, நீ வெட்டுடா!” என்றான் குருமூர்த்தி.

“நீங்க வேணா வெட்டுங்க. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு” என்று ரம்பக்காரன் மெஷினைத் தரையில் வைத்துவிட்டான்.

குருமூர்த்தி அவளை முறைத்தான். “யாவாரத்துக்கு வந்தியா, சகுனம் பாக்க வந்தியா?”

“மாலை வாங்குறவங்க எல்லாம் தோஷத்துக்குத்தானே வாங்குறாங்க? நாம நேரங்காலம் பாக்கலைன்னா எப்படிங்க?” என்று அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள். எமகண்டம், குளிகை, கரிநாள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் அடுக்கினாள். அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது பாறைக்குப் பின்னால் விசில் சத்தம் கிழித்தது. காக்கி உடைகள் மூன்று பக்கமும் முளைத்தன.

குருமூர்த்தி புதருக்குள் பாய்ந்தான். கொழுந்தனார் ஒரே தாவலில் அவன் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். ரம்பக்காரர்கள் இருவரும் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்கள்.

ஹேமலதா மூச்சிரைக்க வந்து, முதலில் மரத்தின் அடியைத்தான் தடவிப் பார்த்தார். “பட்டையிலதான் கீறல். பொழைச்சிக்கும்.” பிறகு விழுந்து கிடந்ததைப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். “இந்தக் கறுப்பு ஏற எங்க தாத்தா காலத்துல இருந்து நின்னிருக்கும்மா.”

பரிமளா நிற்கிற மரத்தில் கையை வைத்தாள். சொரசொரவென்று குளிர்ச்சியாக இருந்தது. தலைக்கு மேலே சின்னச் சின்ன இலைகள் பளபளத்தன. இதைத்தான் இத்தனை மாதம் வெட்டியதாகக் கூவிக் கூவி விற்றோமா என்று ஒரு கணம் கூசியது. அடுத்த கணமே, தன் கண் முன்னால் இது சாயவில்லை என்கிற சந்தோஷம் பொங்கிவந்து கண்ணை மறைத்தது.

“கோர்ட்டுல வந்து சாட்சி சொல்லணும். சொல்வீங்களா?” என்று கேட்டார் ஹேமலதா.

“சொல்றேங்க மேடம். சாயக்கட்டை வித்ததையும் சேத்தே சொல்லிடறேன்.”

மலையிறங்கி வரப்புக்கு வந்ததும் புருஷன் முத்துவேலுக்குப் போன் போட்டாள்.

“என்னது, மலையில இருக்கியா? அப்ப கடைய யாரு பாத்துக்குறது?” என்று அவன் பதறினான்.

“கடை கெடக்கட்டுங்க! மரம் நிக்கிதுங்க, மரம்! நான் தொட்டுப் பாத்தேன்!” என்று பரிமளா மக்காச்சோளக் கொல்லையே அதிரக் கத்தினாள்.