பசை பிடிக்காத தாள்

படப்பை கடைத்தெருவுக்குப் பின்னால் மஞ்சுளா வீட்டு மாடியில் யார் ஏறினாலும் இறங்கினாலும் தெருவுக்குத் தெரிந்துவிடும். தப்பித்தவறித் தெரியாமல் போனால் மஞ்சுளாவே இறங்கி வந்து சொல்லிவிடுவாள். நெல் விளைந்த நிலத்தை விற்று மூன்று மாடி கட்டி, ஒரகடம் கம்பெனிகளுக்குப் போகிற தெற்கத்திப் பெண்களுக்கு அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறாள். முன்பு வரப்பில் நின்று ஆட்களை மேய்த்தவள், இப்போது மாடிப்படியில் நின்று மேய்க்கிறாள்.

அவள் வாயில் அதிகம் விழுகிறவள் இரண்டாம் மாடி சுகப்பிரியா. நாங்குநேரிப் பக்கத்துப் பெண்.

"இன்னாமே, என் படிக்கட்டு பூரா கலர் பேப்பரு! கண்ணாலம் நடந்த வூடு மாதிரி கீது!"

"கூட்டிருதேன் அக்கா."

"கூட்டு, கூட்டு. நேத்தும் இதான் சொன்ன."

சுகப்பிரியாவுக்குக் கம்பெனியில் ஸ்டிக்கர் உரித்து ஒட்டுகிற வேலை. பெல்ட்டில் வரும் ஒவ்வொரு பலகையிலும் ஒன்று. பின்தாளை உரி, ஒட்டு, பின்தாளைக் குப்பைப் பெட்டியில் போடு. ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்தாலும் வெட்டி ஒட்டுகிற வேலைதான், ஆனால் இது ஆசைக்கு. யாருக்காவது பிறந்தநாள் என்றால் வாழ்த்து அட்டை. யாராவது வேலையை விட்டு ஊருக்குப் போனால் படமும் வரியும் ஒட்டிய ஸ்க்ராப்புக். தீர்ந்துபோன ரீஃபில்லால் கோடு அழுத்திவிட்டு மடிப்பாள், மடிப்பு பிசிறில்லாமல் விழும். படத்துக்குக் கீழே இரண்டு நிறத்தில் தாள் வைப்பாள், ஒன்றைவிட ஒன்று ஒரு நூல் பெரிதாக. மூடியைத் திறந்தால் நான்கு பக்கமும் விரிந்து நடுவில் இதயம் எழுந்து நிற்கும் டப்பாவும் செய்வாள். அது யாருக்கு என்று அவள் கேட்பதில்லை. அந்த வேலையை மஞ்சுளா பார்த்துக்கொள்வாள்.

ஆனால் இந்தப் புரட்டாசியில் அவள் செய்த ஸ்க்ராப்புக்கை யாரும் கேட்கவில்லை. அது சந்திரலேகாவின் அம்மாவுக்கு.

சந்திரலேகா ஆலங்குளத்துக்காரி. அதே அறையில் இரண்டு வருஷம் பக்கத்துப் பாயில் படுத்தவள். காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் செத்துப்போய் நாற்பது நாள் ஆகிறது. உடலை அங்கிருந்தே ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவளுடைய தகரப் பெட்டி மட்டும் அறையில் கிடந்தது. அதை எடுக்க அவள் அம்மா செல்லக்கனி ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் போன் வந்தது. பீடி சுற்றுகிறவள், மகள் இருந்த இடத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் கையில் கொடுக்க ஏதாவது வேண்டும் என்று சுகப்பிரியா இரண்டு வாரமாக உட்கார்ந்து ஒட்டினாள். தெரு உச்சுக்கொட்டியது. இப்படி ஒரு சிநேகிதி யாருக்குக் கிடைக்கும் என்றது.

தெருவுக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. ஆடியில் அம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போகச் சுகப்பிரியா லீவு கேட்டாள். உன் இடத்துக்கு ஆள் காட்டிவிட்டுப் போ என்றார் சூப்பர்வைசர். "நான் பாத்துக்கிடுதேன், நீ போடி" என்றாள் சந்திரலேகா. தன் ஷிஃப்டை முடித்துவிட்டு இவள் இடத்திலும் நாலு மணி நேரம் ஓ.டி. நின்றாள். இரண்டாம் நாளே காய்ச்சல் என்று போன் செய்தாள். லீவு போடட்டுமா என்று கேட்டாள். போட்டால் சுகப்பிரியாவைத் திரும்பக் கூப்பிடுவார்கள். மறுநாள்தான் சாமி ஊர்வலம். "மாத்திரை போட்டு ரெண்டு நாள் சமாளி" என்றாள் இவள். இவள் வந்து இறங்கியபோது அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பேச்சு நின்றிருந்தது.

இதைச் செல்லக்கனியிடம் சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் அவள் முகத்தைப் பார்க்கவும் முடியாது. ஸ்க்ராப்புக் செய்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வெளியே எழுதக் கூச்சப்படுகிற வரியைப் படத்துக்குப் பின்னால் சின்னப் பை செய்து வைப்பார்கள். ஓரத்தில் ஒரு நாடா தெரியும், பிடித்து இழுத்தால் சீட்டு வெளியே வரும். சுகப்பிரியா எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினாள், நாலாக மடித்தாள், கடைசிப் பக்கத்துப் படத்துக்குப் பின்னால் பை செய்து வைத்தாள், படத்தை நான்கு ஓரமும் ஒட்டினாள். நாடா விடவில்லை. சொன்னதாகவும் ஆயிற்று, சொல்லாததாகவும் ஆயிற்று. கெட்டிக்காரத்தனம்தான்.

அந்தக் கெட்டிக்காரத்தனம் தாள் வாங்குவதில் இல்லை. கடைத்தெருவில் நயினார் என்பவரின் பழைய பேப்பர் கடையில் கெட்டியான வெள்ளைத் தாள் ஒரு கட்டு கிடந்தது. ஏதோ கம்பெனியிலிருந்து கழித்துப் போட்டது, ஒரு பக்கம் பளபளவென்று. சாவுக்குச் செய்கிற ஆல்பத்துக்கு வெள்ளைதான் பொருத்தம் என்று வாங்கி வந்தாள். ஒட்டியதும் மேலே சூட்கேஸை ஏற்றி வைத்தாள். சனிக்கிழமை இறக்கிப் பார்த்தபோது படுத்த வாக்கில் எல்லாம் ஒட்டியபடியே இருந்தது.

ஞாயிறு காலை தாம்பரத்தில் இறங்கி பஸ் பிடித்து வந்துவிட்டாள் செல்லக்கனி. ஒல்லியான உடம்பு, கையில் ஒரு மஞ்சள் பை. அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"எம்புள்ள எங்க படுப்பா?"

சுகப்பிரியா இடத்தைக் காட்டினாள். செல்லக்கனி அங்கேயே உட்கார்ந்தாள். மஞ்சுளா காப்பி கொண்டுவந்தாள்; கொடுத்துவிட்டுப் போகிறவளா, நிலைப்படியில் சாய்ந்து நின்றுகொண்டாள்.

"நீதான் சுகப்பிரியாவா? போன்ல ஒம்பேரச் சொல்லாம வைக்க மாட்டா."

சுகப்பிரியா ஆல்பத்தை அவள் மடியில் வைத்தாள். "ஒங்களுக்குன்னு செஞ்சேன் சித்தி."

முதல் பக்கம் பிறந்தநாள் படம், முகமெல்லாம் கேக் பூசிக்கொண்டு. செல்லக்கனி சிரிக்கப் போனாள். தாளைச் சற்று நிமிர்த்தியதும் படம் வழுக்கி அவள் மடியில் விழுந்தது. கீழே வைத்த நீலத்தாளும் கூடவே வந்தது.

"எச்சி தொட்டு ஒட்னியாமே?" என்றாள் மஞ்சுளா.

அடுத்த பக்கம். ஆயுத பூஜைக்குப் புடவை கட்டிய படம். அதுவும் விழுந்தது. சுகப்பிரியா கை நீட்டிக் காலியான தாளைத் தடவினாள். விரல் சர்ரென்று ஓடியது. அப்போதுதான் புரிந்தது: ஸ்டிக்கரின் பின்தாள் இது, அச்சடிக்காத கனத்த ரகம். பசை பிடிக்கக் கூடாது என்றே மெழுகு போல எதையோ பூசிச் செய்கிற தாள். இரண்டு வருஷத்தில் லட்சம் உரித்திருப்பாள், ஆனால் லைனில் எப்போதும் கையில் உறை. வெறும் விரலுக்கு அது பழக்கமில்லை, அதனால்தான் இரண்டு வாரம் கையில் வைத்திருந்தும் அடையாளம் தெரியவில்லை.

"குடுங்க சித்தி, வேற தாள்ல ஒட்டி அனுப்பி வைக்கேன்."

"இருடி. பாத்துட்டுத் தாரேன்."

ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள் செல்லக்கனி. விழுகிற படத்தை எடுத்துப் பார்த்து மடியில் அடுக்கினாள். கடைசிப் பக்கம் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன். கொடைக்குக் கிளம்பிய அன்று வழியனுப்ப வந்த சந்திரலேகா, இவள் தோளில் கை போட்டுக்கொண்டு. படம் விழுந்தது. பை விழுந்தது. பைக்குள்ளிருந்து சீட்டு விழுந்தது.

"இது என்னது?"

செல்லக்கனி சீட்டைப் பிரித்துத் தூரமாகப் பிடித்தாள், கிட்டே பிடித்தாள். "கண்ணாடிய ஊர்லயே விட்டுட்டேன். நீயே வாசி."

"இங்க குட்மா, நான் பட்ச்சி சொல்றேன்" என்று மஞ்சுளா கை நீட்டினாள்.

சுகப்பிரியா முந்திக்கொண்டு வாங்கினாள். வாழ்த்து அட்டைக்கு எழுதுகிற வரிகள் அவளிடம் நூறு இருந்தன. நட்பு என்பது பூ, நினைவு என்பது நிலா. அதில் நாலை எடுத்துவிட்டால் யார் கண்டது? வாய் திறந்தாள். செல்லக்கனி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எழுதியிருந்ததையே வாசித்தாள். கொடை, ஓ.டி., போன், மாத்திரை. "இது யாருக்கும் தெரியாது" என்ற கடைசி வரியையும் விடவில்லை.

கீழே தெருவில் ஷேர் ஆட்டோக்காரன் ஒருவன் ஒரகடம், ஒரகடம் என்று கூவிக்கொண்டு போனான்.

"மாத்திர போட்டாளா?" என்றாள் செல்லக்கனி.

"போட்டேன்னு சொன்னா."

"ஊர்வலம் பாத்தியா?"

சுகப்பிரியா தலையைக் குனிந்தாள். "பாத்தேன் சித்தி."

"நல்லாருந்துச்சா?"

மஞ்சுளா தொண்டையைச் செருமினாள். "வுடுமா. அவ அவ தலையெயுத்து..."

"நீங்க சும்மா இருங்க தாயி."

மஞ்சுளாவைச் சும்மா இருக்கச் சொல்லி அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. இருந்துவிட்டாள். மூன்று நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நாலாம் நாள் திறந்தாள். அப்படித்தான் தெருவுக்கு இதெல்லாம் தெரியும்.

"சித்தி, என்ன மன்னி..."

"அத இப்பக் கேக்காத. கேட்டா இல்லன்னு சொல்லிருவேன்."

செல்லக்கனி நகர்ந்து தகரப் பெட்டியைத் திறந்தாள். மகளின் சுடிதார்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். அடியில் ஒரு பீடி நூல்கண்டு இருந்தது, பூக்கட்ட என்று அவளே கொடுத்தனுப்பியது. அதை எடுத்துச் சுகப்பிரியா முன்னால் வைத்தாள்.

"பசை வேண்டாம். தை. இந்தச் சீட்டையும் தை. போட்டாவுக்குப் பின்னால வைக்காத, பக்கத்துல வை. எம்புள்ளயப் பாக்கும்போதெல்லாம் இதும் என் கண்ணுல படணும்."

தாளை நேரே தைத்தால் கிழியும். சுகப்பிரியா துண்டை மடித்துக் கீழே வைத்து, ஒவ்வொரு மூலையிலும் ஊசியால் முதலில் துளை போட்டாள். பிறகு நூல். செல்லக்கனி படம் நகராமல் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். இருவர் விரலும் அடிக்கடி இடித்துக்கொண்டன. எந்தப் படம் எப்போது எடுத்தது, பக்கத்தில் நிற்பது யார், அன்றைக்கு என்ன சாப்பாடு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சுகப்பிரியா ஒன்றும் விடாமல் சொன்னாள். ஒருமுறை ஊசி விரலில் ஏறி ஒரு சொட்டு ரத்தம் ஓரத்தில் பட்டது. இந்தத் தாளில் எதுவும் ஊறாது, துடைத்ததும் போய்விட்டது. ஸ்டேஷன் படத்தையும் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்து முடிக்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. காப்பியில் ஆடை படிந்திருந்தது.

பெட்டியைச் சுகப்பிரியாதான் பஸ் ஸ்டாப் வரைக்கும் தூக்கிக்கொண்டு போனாள். செல்லக்கனி வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் வந்ததும் பெட்டியை வாங்கிக்கொண்டு ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஆல்பத்தைப் பைக்குள் வைக்காமல் மடியில் வைத்துக் கடைசிப் பக்கத்தைத் திறந்து, கட்டைவிரலால் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

பஸ் நகர்ந்தது. போயிட்டு வாரேன் என்று அவள் சொல்லவில்லை. துக்கக் காரியமாக வந்தவர்கள் அப்படிச் சொல்லிக்கொண்டு போவதில்லைதான். அதனால்தான் சொல்லவில்லையா, வேறு காரணமா என்று சுகப்பிரியாவுக்குத் தெரியவில்லை. பஸ் திருப்பத்தில் மறைந்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.