தொந்திக்காரன் வரும்போது வாசிக்கிற மெட்டு

கசாப்புக் கடை ஜெரார்தோ ஆட்டுக்குடலைத் திருப்பிப்போட்டு விரலால் வழித்துக்கொண்டே விசிலடித்தான். தொனாத்தாவுக்கு அடிவயிற்றிலிருந்து குமட்டிக்கொண்டு வந்தது. குடலைப் பார்த்து அல்ல. குடல் கழுவி, குடல் சமைத்து வளர்ந்தவள் அவள். அவன் அடித்தது அவளுடைய அம்மாவின் ஒப்பாரி. சில வருஷங்களுக்கு முன்னால், அம்மாவை நடுவீட்டில் கிடத்தி, கையில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டு தொண்டை கிழிய அவள் பாடிய அதே மெட்டு. மெல்ல மேலே ஏறும், ஏறிய இடத்தில் கொஞ்சம் நடுங்கும், பிறகு சடாரென்று இறங்கி நின்றுவிடும். நின்ற இடத்தில்தான் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் மூச்சு விடுவார்கள், மூக்கைச் சிந்துவார்கள். ஜெரார்தோ அந்த இடத்தில் விசிலை நிறுத்தி, உதட்டைப் பிதுக்கி, "ப்ரூம்ப்... ப்ரூம்ப்..." என்று அடித்தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போட்டான். குடலில் மிச்சம் இருந்தது தரையில் சொட்டியது.

"அத நிறுத்துறியா, இல்ல வேற கடைக்குப் போகட்டுமா?"

"எதக்கா?"

"வாயால பண்ற அசிங்கத்த."

"அட, உன் தம்பி போட்ட பாட்டுக்கா! ஊரே பெருமப்படுது, நீ என்னடான்னா வெளக்கெண்ணெ குடிச்ச மாதிரி நிக்கிற. அந்தத் தொந்திக்காரன் வர்ற எடமெல்லாம் சிரிச்சுச் சிரிச்சு எனக்கு விலாவே விட்டுப்போச்சு."

"உன் ஆத்தா செத்தா அப்ப சிரி" என்று சொல்லிவிட்டு அவள் இறங்கி வந்துவிட்டாள். மொந்தேசெக்கோ என்கிற அந்த மலையூரில் வேறு கசாப்புக் கடை கிடையாது. அது அவளுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அன்றைக்கு அப்பாவுக்கு மொச்சைப்பருப்பை மசித்து, காய்ந்த மிளகாயைப் பொரித்துப் போட்டுக் கொடுத்தாள். கிழவர் கறி எங்கே என்று கேட்டார். அவள் தட்டில் இன்னொரு கரண்டி வைத்தாள்.

எல்லாம் அந்தப் பாழாய்ப்போன படத்தால் வந்தது. ரோமில் அந்த வருஷங்களில் குதிரையும் தொப்பியும் கிடைத்தவனெல்லாம் கௌபாய் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஸ்பெயினில் ஒரு வறண்ட குன்றைப் பிடிப்பார்கள், ரோம் நடிகர்களுக்கு அமெரிக்கப் பெயர் வைப்பார்கள், புழுதியைக் கிளப்புவார்கள், அமெரிக்கா தயார். தொனாத்தாவின் தம்பி கானியோ ரோமில் இசைப்பதிவுக் கூடங்களில் கிட்டார் வாசிக்கிறவன். தான் வாசித்த படம் ஊருக்கு வருகிறது, அதில் நம் ஊர் இசையும் இருக்கிறது, அப்பாவை அழைத்துக்கொண்டு போ என்று சதுக்கத்து மதுக்கடைக்குப் போன் செய்து சொன்னான். கடைக்காரர் அதை ஊர் முழுக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை தியேட்டரில் உட்கார இடமில்லை. அப்பா வித்தோ கல்யாணத்துக்கு வாங்கிய கறுப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். இளவயதில் அமெரிக்காவில் தண்டவாளம் போட்டவர் அவர். படம் தொடங்கியதுமே, "இது அமெரிக்கா இல்லடி. அங்க எந்நேரமும் மழைதான் பேயும்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள், தொனாத்தாவும் சிரித்தாள். அவள் அந்தத் தியேட்டரில் கடைசியாகச் சிரித்தது அதுதான்.

படத்தில் ஒரு கொள்ளைக்காரன். தொந்தி வார்ப்பட்டைக்கு வெளியே வழிகிற ஆள். செத்துக் கிடக்கிறவன் பக்கத்திலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்து கோழிக்காலைக் கடித்துத் தின்றுவிட்டு, எண்ணெய்க் கையைச் செத்தவன் சட்டையில் துடைத்துக்கொண்டு ஏப்பம் விடுவான். அவன் திரையில் வரும்போதெல்லாம் ஒரு விசில். முதல் தடவை கேட்டபோது தொனாத்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை, உடம்பு மட்டும் சிலிர்த்தது. இரண்டாவது தடவை புரிந்துவிட்டது. அம்மாவைக் கிடத்தியிருந்த கட்டில், மெழுகுவத்தி வாசனை, அம்மாவின் வெறும் கால், எல்லாம் கண்முன்னால் வந்தது. மெட்டு இறங்கி நின்ற இடத்தில் கூப்பா-கூப்பா உறுமியது.

கூப்பா-கூப்பா என்பது பானை வாயில் தோலை இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு நாணலைச் செருகியது. பானையை இடுப்போடு அணைத்துக்கொண்டு, கையை நனைத்து நாணலை மேலும் கீழும் உருவினால் உறுமும். தவக்காலத்துக்கு முந்தின கார்னிவல் நாட்களில் குடித்துவிட்டு வீடு வீடாகப் போய், தொத்திறைச்சியும் மதுவும் கேட்டு ஆபாசப் பாட்டுப் பாடுகிறவர்கள் கையில் இருப்பது. அதன் சத்தத்தைக் கேட்டாலே அந்த ஊரில் பிறந்தவனுக்கு வேறு ஒன்றுதான் ஞாபகம் வரும், அதைச் சொல்லிச் சிரிக்காதவன் கிடையாது. அதைப் போய் ஒப்பாரியோடு! சாவு வீட்டில் ஒருவன் கூப்பா-கூப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்தால் அவன் கையை உடைத்துத்தான் அனுப்புவார்கள். ஒப்பாரியோ, வீட்டில் பிணம் இல்லாத நாளில் வாய்க்குள் முணுமுணுக்கக்கூட முடியாது. முணுமுணுத்தால் சாவைக் கூப்பிடுவதாக அர்த்தம். தியேட்டர் முழுக்க விழுந்து விழுந்து சிரித்தது. அம்மாவின் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்ட அதே பெண்கள் சிரித்தார்கள். தொனாத்தா அப்பாவைப் பார்த்தாள். தொப்பிக்குக் கீழே கிழவரின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. சீ, நீயுமா என்று நினைத்தாள். பாதிப் படத்தில் எழுந்து வந்து தெருக்குழாயில் வாயைக் கொப்பளித்தாள். ஏன் கொப்பளித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, வாயில்தான் அசிங்கம் ஒட்டியிருந்ததுபோல் இருந்தது.

அதற்குப் பிறகு ஊரில் வாய் இருந்தவனெல்லாம் அதை விசிலடித்தான். கழுதைக்குச் சேணம் கட்டுகிறவன் அடித்தான், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அடித்தார்கள், பாதிரியார்கூட மாதா கோயில் கதவைப் பூட்டும்போது அடித்துவிட்டு, அவளைப் பார்த்ததும் இருமிக்கொண்டார். யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. அதுதான் அவளுக்கு ஆறவில்லை. வேண்டுமென்று செய்திருந்தால் செருப்பால் அடித்திருப்பாள்.

திராட்சை அறுப்பு முடிந்த வாரம் அப்பாவுக்கு மார்ச்சளி முற்றிக் கட்டிலோடு கிடத்திவிட்டது. கானியோ ரோமிலிருந்து வந்தான். இறுக்கமான கால்சட்டை, கூர்மூக்கு ஷூ, தலையில் எண்ணெய். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அடுக்களைக்கு வந்தான். தொனாத்தா ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

"அக்கா, எம்மேல கோவமா?"

"கோவமா? உன்னப் பார்த்தா எனக்கு வாந்தி வருதுடா."

"நான் என்ன பண்ணுவேன்? படத்துக்கு மியூசிக் போடுற மாயெஸ்த்ரோ கேட்டாரு. உங்க மலப்பக்கம் என்ன பாடுவீங்க, புதுசா ஏதாவது குடுன்னாரு. எனக்கு அதுதான் வாயில வந்துச்சு. அம்மா செத்ததுலேருந்து அது என் காதுலயே கெடந்துச்சுக்கா. வேற எதுவும் வரல."

"வந்துச்சு, குடுத்த. சரி. அழுகாச்சிக் காட்சிக்குன்னு குடுத்திருந்தா தொலையுதுன்னு விட்டிருப்பேன். கோழி திங்குற பன்னிக்கா அது? அதுல கூப்பா-கூப்பா வேற! ரோம்காரனுக்கு அது வெறும் பானை. உனக்குமாடா தெரியாது?"

கானியோ ரொட்டித் துணுக்கு ஒன்றை எடுத்து உருட்டினான். "அது நான் இல்ல. நான் கிட்டார் மட்டும்தான் வாசிச்சேன். கூப்பா-கூப்பாவ அப்புறமா வேற யாரையோ வச்சுச் சேத்திருக்காங்க. தியேட்டர்ல கேட்டப்பதான் எனக்கே தெரியும். எனக்கும் கூசிப்போச்சுக்கா."

"சத்தியமா?"

"அம்மா மேல சத்தியமா. ரோமுக்குப் போனதுலேருந்து அதத் தொட்டதே இல்ல."

ஊரைவிட்டுப் போகிற வரைக்கும் கார்னிவலில் அவனை விட்டால் கூப்பா-கூப்பாவுக்கு ஆள் கிடையாது. அது அவள் நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் அம்மா மேல் சத்தியம் செய்தவனை என்ன செய்வது? அந்த வார்த்தையைத்தான் அவள் பிடித்துக்கொண்டாள். யாரோ ஒரு ரோம்காரன், ஒன்றும் தெரியாத தடியன், ஈரக்கையால் உருவியிருக்கிறான். தெரியாதவன் செய்தது என்றால் கழுவிக்கொள்ளலாம். ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் அவன் முன்னால் தள்ளி, "தின்னு, எலும்பா இருக்க" என்றாள்.

மறுநாள் அப்பா அவளைக் கிட்டே கூப்பிட்டார். பேசுவதற்கு நடுவில் மூச்சைத் தேட வேண்டியிருந்தது.

"எனக்கும் அதையே பாடுவியா?"

"எத?"

"உங்கம்மாவுக்குப் பாடினியே."

"ஊரே சிரிக்கும்ப்பா. அத நாறடிச்சிட்டாங்க. நீயுந்தான சிரிச்ச? நான் பார்த்தேனே."

கிழவர் உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சிரிச்சேனா? இருக்கும். கன்னமெல்லாம் நனஞ்சிருந்துச்சு. எனக்கே தெரியலடி." பிறகு, "சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க. வேற மெட்டு பாடினா உங்கம்மா என்ன எப்படி அடையாளம் கண்டுபிடிப்பா?" என்றார்.

அவருக்கு அது விளையாட்டுப் பேச்சு அல்ல. அந்த வீட்டில் செத்தவர்கள் எல்லாரும் அந்த மெட்டில்தான் போயிருக்கிறார்கள். தொனாத்தா போர்வையைச் சரிசெய்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றாள். பக்கத்து வீட்டில் எவனோ குழம்புச் சட்டியைச் சுரண்டிக்கொண்டே விசிலடித்தான். தூ என்று துப்பினாள்.

இரண்டு நாள் கழித்து விடிகிற நேரத்தில் கிழவர் போய்ச்சேர்ந்தார். அடுப்பு பற்றவைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் சூப்பும் ரொட்டியும் மூடி எடுத்துவந்து வைத்தார்கள். நடுவீட்டில் கட்டில், கறுப்புச் சால்வை போட்ட பெண்கள் சுற்றிலும் நாற்காலியில், ஆண்கள் வாசலோரம் சுவரில் சாய்ந்து. ஜெரார்தோவும் வந்திருந்தான், துவைத்த சட்டை போட்டு, கையை வயிற்றில் கட்டிக்கொண்டு. கானியோ அப்பாவின் கறுப்புத் தொப்பியை ஆணியிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றான். எல்லாரும் தொனாத்தாவைப் பார்த்தார்கள். பாடுவாளா என்று பார்த்தார்கள் என்பது அவளுக்குத் தெரியாதா? கைக்குட்டையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"தொப்பி இங்க இருக்குப்பா... தல எங்கப்பா, தல எங்க..."

குரல் ஏறி, நடுங்கி, இறங்கி நின்றது. அந்த இடைவெளி. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காதுக்குள் அந்த உறுமல் கேட்டது, காதுக்குள் மட்டும்தான். வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தபோது ஜெரார்தோ உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெண்கள் சால்வை நுனியை வாயில் வைத்திருந்தார்கள். சிலரின் தோள் குலுங்கியது. அப்பாவின் தோளும் இப்படித்தான் குலுங்கியது என்று நினைத்தாள், எது அழுகை, எது சிரிப்பு என்று அவள் இனிமேல் கேட்கப்போவதில்லை.

"தண்டவாளம் போட்டியேப்பா, மழையில நின்னு போட்டியேப்பா... அந்த ரயிலு உன்ன ஏத்தலையேப்பா..."

இந்தத் தடவை இடைவெளியில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள். ஓர் ஆண்குரல், "அய்யோ வித்தோ அண்ணே" என்றது. அது ஜெரார்தோவின் குரல். தொனாத்தாவுக்குத் தொண்டை திறந்துகொண்டது. மெட்டு திரும்பி வந்தது. கோழிக்கால் போயிற்று, தொந்தி போயிற்று, எண்ணெய்க்கை போயிற்று. கழுவித் துடைத்த மாதிரி அம்மாவின் மெட்டு அவள் வாய்க்குள் வந்து உட்கார்ந்தது. கைக்குட்டையை விரித்து, கட்டிலுக்கு மேலே இப்படியும் அப்படியும் வீசிப் பாடினாள். பெண்கள் எல்லாரும் ஓவென்று சேர்ந்துகொண்டார்கள். அம்மாவுக்கு அழுததைவிட இது பெரிதாக இருந்தது. அவளுக்கு அந்தத் துக்கத்திலும் ஒரு நிம்மதி வந்தது.

பிறகு சொந்தங்களைப் பெயர் சொல்லிப் பிணத்துக்குக் காட்ட வேண்டும். அது முறை.

"மகன் வந்திருக்கான்ப்பா, ரோம்லேருந்து வந்திருக்கான்... கண்ணத் தொறந்து பாருப்பா, உன் கானியோவப் பாரு..."

பாடிக்கொண்டே கைக்குட்டையை வாசல் பக்கம் நீட்டித் திரும்பினாள். கானியோ அழுதுகொண்டிருந்தான். நடிப்பு இல்லை, கண்ணை மூடி, முகமெல்லாம் கோணி, சின்னப் பிள்ளையில் அழுததுபோல அழுதுகொண்டிருந்தான். அப்பாவின் தொப்பியை இடது கையால் இடுப்போடு அணைத்திருந்தான். வலது கையால் கண்ணைத் துடைத்துத் துடைத்து அது ஈரமாக இருந்தது. மெட்டு இறங்கி நின்றது. அந்த இடைவெளியில், தொப்பிக்கு மேலே, அவன் வலது கை நாணலைப் பிடித்ததுபோல் முஷ்டியாகிக் கட்டைவிரல் உள்ளே மடங்கி, மேலும் கீழும் போயிற்று. இரண்டு தடவை. சரியான இடத்தில். அவனுக்கே தெரியாமல்.

கேட்டவன் கை அப்படிப் போகாது. வாசித்தவன் கைதான் போகும்.

தொனாத்தா பாட்டை நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது, பிணம் காத்துக்கொண்டிருக்கிறது. பெண்கள் நாற்காலியை நகர்த்தி வழி விட்டார்கள். தம்பியைக் கட்டிலருகே கூட்டிப்போக வருகிறாள் என்று நினைத்தார்கள். வாய் பாடிக்கொண்டிருந்தது. அம்மா மேல் சத்தியம் செய்த வாயைப் பார்த்தாள், அது அம்மாவின் வாய்தான், அதே கோணல். கிட்டே போய் நின்றாள். கானியோ கண்ணைத் திறக்கவில்லை.

குரல் ஏறியது, நடுங்கியது, இறங்கியது. அவள் வெள்ளைக் கைக்குட்டையை விரித்து அவன் முஷ்டியின் மேல் போட்டு மூடினாள். கைக்குட்டைக்குள்ளே அது மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.