துண்டோடு சேர்த்து

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எடை விஷயத்தில் விளையாட்டே பிடிக்காது. எட்டுப் பேர் ஏறும் லிஃப்டில் ஒன்பதாவதாக ஒரு ஒல்லிப்பிச்சான் நுழைந்தாலும் கையைப் பிடித்து வெளியே விட்டுவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுஷன்தான், சொந்த வீட்டில், பெற்ற பிள்ளையின் எடையில் பொய் சொன்னார்.

அவருக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்கு ஆறு வயசு. அவள் பண்ணும் சேட்டைக்கு வால் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அடுத்தவன் நாலு வயசுச் சுண்டு. மூன்றாவது பொடியன். அவனுக்கு என்ன அவசரமோ, எட்டாம் மாதமே பிறந்துவிட்டான். மூன்று வாரம் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்து, போன வியாழக்கிழமைதான் வீட்டுக்கு வந்தான். அன்றைக்கு எடை இரண்டாயிரத்து நூற்றைம்பது கிராம். ஒரு வாரத்தில் இரண்டாயிரத்து முந்நூறைத் தொடாவிட்டால் திரும்பவும் பெட்டிதான் என்று நர்ஸ் அம்மா கறாராகச் சொல்லிவிட்டார். எடை மிஷின் ஒன்றையும் இரவல் கொடுத்தார்.

"துணி, துண்டு எதுவும் கூடாது. வெறும் உடம்பாத்தான் எடை பாக்கணும். புரியுதா?"

புரியாமல் என்ன? அவர் மனைவியோ ஆபரேஷன் ஆன உடம்பு, படுக்கையை விட்டு எழக்கூடாது. "இன்னொரு தடவை இவனை அந்தப் பெட்டியில விட்டுட்டு வரச் சொன்னா என்னால முடியாதுங்க" என்று அவள் அழுதுவிட்டாள்.

பள்ளிக்கூடமும் விடுமுறை. பெரியதுகள் இரண்டும் வீட்டைத் தலைகீழாக்காமல் இருக்கட்டும் என்று மிஷினை நடுவில் வைத்து அளவுப் பாடம் ஆரம்பித்தார். தலையணை கனமா, ஸ்பேனர் கனமா? தலையணைதான் என்று சுண்டு சத்தியம் பண்ணினான். தோற்றதும் மிஷின் ஏமாற்றுகிறது என்றான். உயரமான பாட்டில் தண்ணீரை அகலமான கிண்ணத்தில் ஊற்றினால், "பாதியை அப்பா குடிச்சிட்டாரு!" என்று ஊரைக் கூட்டினான். வால் அப்படியில்லை, கற்பூரம். பொடியனின் பாலை அளப்பதையே அவளிடம் விட்டுவிட்டார். முட்டி போட்டு, கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்து, "முப்பது மில்லி. ஒரு சொட்டு கூடல, குறையல" என்பாள். சர்க்கரையை எடை பார்க்கவும் கற்றுக்கொண்டாள்.

"முதல்ல காலிக் கிண்ணம் எவ்வளவுன்னு பாரு. அப்புறம் சர்க்கரையோட பாரு. கிண்ணத்தைக் கழிச்சாத்தான் உண்மையான எடை. இல்லன்னா நம்மளை நாமே ஏமாத்திக்கிறோம்" என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னவர் சாட்சாத் இதே அப்பாதான்.

செவ்வாய்க்கிழமை பொடியனைச் சட்டையில்லாமல் மிஷினில் வைத்தார். குளிரில் விறைத்து வீறிட்டது குழந்தை. மனசு கேட்காமல் ஒரு துண்டை விரித்தார். இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது காட்டியது.

"அப்பா, அந்தத் துண்டு தொண்ணூறு கிராம். நேத்து நான் பாத்தேன். கழிக்கலையா?" என்றாள் வால்.

"அதிகப்பிரசங்கி! வாயை மூடிக்கிட்டு இரு."

நர்ஸிடமும் மனைவியிடமும் இருநூற்று நாற்பது என்றே சொன்னார். ஊருக்குத்தானே உபதேசம்! ஆனால் பாழாய்ப்போன மனசு கழித்துப் பார்த்துவிட்டது. அதே நூற்றைம்பது. ஐந்து நாளில் ஒரு கிராம்கூட ஏறவில்லை. இரண்டு நாளில் தேறிவிடுவான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை.

வியாழக்கிழமை வந்தது. வாலே தம்பியைத் துண்டில் சுருட்டித் தயாராக வைத்திருந்தாள். அப்படியே தூக்கி மிஷினில் வைத்தார். இரண்டாயிரத்து முந்நூற்றுப் பத்து!

"அடி சக்கை!" என்று கத்தியேவிட்டார். துண்டைக் கழித்தாலும் பிள்ளை தேறுகிறான் இல்லையா! மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கிப்போனாள். நர்ஸும் போனில், "அப்பாடா, இனி அடுத்த மாசம் கூட்டிட்டு வந்தா போதும்" என்றார்.

போனை வைத்துப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. "என் இரும்புக் காரைக் காணோம்!" என்று சுண்டு கூப்பாடு போட்டான். கட்டிலடி, அலமாரி, செருப்புப் பெட்டி எல்லாம் பார்த்தாயிற்று. வால் மட்டும் தேடவில்லை, சுவரைப் பார்த்து நின்றாள். அவருக்குத் திக்கென்றது. பொடியனைச் சுற்றியிருந்த துண்டைப் பிரித்தார். கால்மாட்டு மடிப்பில் கார் இருந்தது.

"எதுக்குடி இப்படிப் பண்ணினே?" கை ஓங்கிவிட்டார்.

"தம்பியைப் பெட்டியில போட்டுருவாங்கல்ல..." வால் விக்கி விக்கி அழுதாள். "நீ துண்டு வச்சே. அது பத்தலப்பா. அதான் நான் கார் வச்சேன்."

ஓங்கிய கை தானாக இறங்கியது. விதை ஒன்று போட்டால் சுரை ஒன்றா முளைக்கும்?

பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. உள்ளே மனைவியின் குறட்டை மெல்லக் கேட்டது. மடியில் பொடியன் அழக்கூடத் தெம்பில்லாமல் சுருண்டு கிடந்தான். இவ்வளவு அமைதியாக இவன் எப்போதிலிருந்து இருக்கிறான் என்று யோசித்துப் பார்த்தார்.

ஜன்னலைச் சாத்தினார். சட்டை, துண்டு எல்லாவற்றையும் எடுத்துவிட்டுப் பிள்ளையை வெறும் மிஷினில் வைத்தார். எண் மங்கலாகத் தெரிந்தது, கண்ணில் தண்ணீர்.

"நீ படிம்மா."

"அப்பா, துண்டு போட்டுக்கலாமே?"

"வேணாம். படி."

அவள் முட்டி போட்டு, கண்ணை எண்ணுக்கு நேராக வைத்தாள். "ரெண்டு. ஒண்ணு. நாலு. சைபர்."

வந்த அன்றைக்கு இருந்ததைவிடப் பத்து கிராம் குறைவு. அவர் நர்ஸுக்குப் போன் போட்டார். "அம்மா, நான் சொன்னது பொய். ரெண்டாயிரத்து நூத்தி நாப்பதுதான்."

நர்ஸ், "ஒரு நிமிஷம்கூட நிக்காதீங்க. உடனே தூக்கிட்டு வாங்க" என்றார்.

போர்வை, பால் பாட்டில், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் அவர் பைக்குள் திணிப்பதைப் பார்த்து வாலுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அப்பா, நான் தப்பாப் படிச்சிட்டேனா?"

"இல்லடி கண்ணு. சரியாத்தான் படிச்சே" என்று சொல்லிவிட்டு, மனைவியை எழுப்ப உள்ளே போனார்.