சுவர் வராத இடம்

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் தொடங்கியது. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஒரு மாத இதழின் கோடைச் சிறப்பிதழுக்கு, 'சின்னக் குழந்தையோடு குடும்பமாக வெளியே செய்யக்கூடிய பத்து விஷயங்கள்' என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். கேட்டவர் இளங்குமரன், அந்த இதழின் உதவி ஆசிரியர். நல்ல மனிதர்தான். "லைட்டா இருக்கட்டும் மேடம். படிச்சதும் ஒரு புத்துணர்ச்சி வரணும்" என்றார்.

நான் கலைமகள். திருப்பூர் மண்ணரையில் ஒரு லைன் வீட்டில் குடியிருக்கிறேன். வெளிநாட்டுக் குழந்தைகளின் பனியன்களில் அச்சடிக்கும் படங்களை வீட்டில் உட்கார்ந்தே கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது என் பிழைப்பு. பட்டம், வாளி, மணல் கோட்டை, சிரிக்கும் சூரியன். அதைப் போட்டுக்கொண்டு எங்கோ ஒரு குழந்தை வெளியே போய் விளையாடும். ஆகவே இந்தத் தலைப்பில் எழுத எனக்குத் தகுதி உண்டு என்றே நினைத்தேன்.

முதல் வரி: 'மாலை வேளையில் குழந்தையை அருகிலுள்ள பூங்காவுக்கு நடத்தி அழைத்துச் செல்லுங்கள். வழியில் தென்படும் பறவைகளை'

எங்கள் தெருவில் வழியில் தென்படுவது தண்ணீர் லாரி. கோடு போட்டு அடித்தேன்.

இரண்டாவது: 'வீட்டு முற்றத்தில் ஒரு பெரிய தொட்டியில் நீர் நிரப்பி' (முற்றம், தொட்டி, நீர். அரை வரிக்குள் மூன்று பொய்.)

மூன்றாவது: 'காலை வெயில் குழந்தைகளுக்கு மிகவும் நல்லது. ஏனென்றால்'

ஏனென்றால் என்று எழுதிவிட்டுத் தலையைத் திருப்பினேன். என் வீட்டு ஜன்னலில் அனுப்ரியா நின்றுகொண்டிருந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, தெருவில் போகிற ஒவ்வொரு கம்பெனி வேனுக்கும் டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள். வேனில் போகிறவர்கள் பார்க்கவில்லை. அவளும் அதைப் பொருட்படுத்தவில்லை.

கட்டுரை அங்கேயே செத்தது. இனி வருவது கதை. பிடிக்காதவர்கள் அடுத்த பக்கத்து ஐஸ்கிரீம் செய்முறைக்குப் போகலாம்.

2

அனுவுக்கு ஐந்து வயது. பக்கத்து வீட்டுக் குழந்தை. அப்பா முனீஸ், பனியன் கம்பெனியில் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். அம்மா ஜோதிகா, அதே கம்பெனியில் தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பள்ளிக்கூடம் லீவு விட்டதிலிருந்து, அவர்கள் வேலைக்குப் போகும்போது அனுவை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் லைனில் எல்லா வீடும் ஒரே அளவு. ஒரு அறை, ஒரு தடுப்பு, மேலே தகரம். கதவைத் திறந்தால் நேரே தெரு. தெருவில் டெம்போ. ஆக, கோடை முழுக்க அவள் உள்ளே.

உள்ளேயும் அவள் சும்மா இருக்க மாட்டாள். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு ஓடுவாள். கையால் தட்டுவாள். திரும்புவாள். மறுபடி ஓடுவாள். நான் வரைகிற சூரியனெல்லாம் அந்தத் தட்டலில் ஆடிப்போகும்.

அன்று ஜன்னலிலிருந்து இறங்கி வந்து கேட்டாள்: "அத்தை, செவுரே வராத எடம் எங்க இருக்கு?"

"எதுக்குக் கண்ணு?"

"ஓடுறதுக்கு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரியாத கோபம் இருக்கிறதே, அதுதான் என்னை எழுத உட்காரவைக்கிறது.

குண்டடம் பக்கம் என் சித்தப்பா மகன் குமரனின் காடு இருக்கிறது. (எங்கள் பக்கம் மானாவாரி நிலத்தைக் காடு என்போம். புலி கிடையாது.) அறுவடை முடிந்து வெறும் தரையாகக் கிடக்கும். தூரத்தில் காற்றாலைகள். நடுவில் ஒரு வேலமரம். மற்றபடி கண்ணுக்கெட்டியவரை எதுவுமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே போவது என்று மூன்று பெரியவர்களும் சேர்ந்து முடிவு செய்தோம். அனுவிடமும் சொல்லிவிட்டோம். குழந்தையிடம் சொன்னால் சொன்னதுதான்.

3

சனிக்கிழமை சாயங்காலம் முனீஸின் போன் அடித்தது. சூப்பர்வைசர் சென்னிமலை.

"ஏனுங்க முனீசு, நாளைக்குக் காத்தால வந்துருங்க. சிப்மெண்ட் திங்கக்கெழம ஏறோணும். ஊட்டுக்காரம்மாவையுங் கூட்டிட்டு வந்துருங்க. வல்லீன்னா அப்பறம் மிசின்ல வேற ஆளு உக்கோந்துருவாங்க. என்னையச் சொல்லக் கூடாதுங்க."

எங்கள் ஊர் மரியாதை அப்படி. கழுத்தில் கத்தி வைத்தாலும் 'ங்க' போட்டுத்தான் வைப்போம்.

(அந்த சிப்மெண்டில் இருந்தது என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். குளிர்காலத்தில் குழந்தைகள் வெளியே விளையாடும்போது போட்டுக்கொள்ளும் தடித்த சட்டை. மே மாதத்தில் இங்கே அதுதான் தைப்பார்கள். இதை நான் கற்பனை செய்திருந்தால், ரொம்பச் செயற்கையாக இருக்கிறது என்று நானே அடித்திருப்பேன்.)

இந்த இடத்துக்கு மூன்று வரைவுகள் எழுதினேன்.

வரைவு அ: முனீஸ் "சரிங்கண்ணே" என்றான். அனு அழுதாள். இருவரும் வேலைக்குப் போனார்கள். வாசகர் பெருமூச்சு

இல்லை. இந்தப் பெருமூச்சுக்காகத்தானே எங்களைப் போன்றவர்களைப் பற்றிய கதைகளைக் கேட்டு வாங்குகிறார்கள்? தர மாட்டேன்.

வரைவு ஆ: முனீஸ் ஒரு பொய் சொன்னான். பெரியப்பா இறந்துவிட்டார், ஊருக்குப் போகிறோம் என்று.

இது நடக்கக்கூடியது. திருப்பூரில் லீவுக்கு ஒரு வரிசை உண்டு. சாவு என்றால் கேள்வியில்லை. கோயில் நோம்பி, கிடா வெட்டு, காது குத்து என்றால் முணுமுணுப்போடு கிடைக்கும். காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுக்கொண்டு வரச் சொல்வார்கள். ஆனால் முனீஸுக்குச் சாவு என்னும் வழி அடைபட்டிருந்தது.*

* அவனுடைய பெரியப்பா வீரணன் ஏற்கெனவே இரண்டு முறை லீவுக்காகச் செத்துவிட்டார். போன தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து வந்தவர், தம்பி மகனையும் பார்த்துவிடலாம் என்று அங்கிருந்து பஸ் ஏறி நேராகக் கம்பெனி கேட்டுக்கே வந்து நின்றார். வாட்ச்மேனிடம், "முனீசுக்குப் பெரியப்பா, வீரணன்" என்று உரக்கச் சொன்னார். அந்தப் பக்கம் வந்த சென்னிமலை முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கைகூப்பி, "வாங்கய்யா, நல்லா இருக்கறீங்களா?" என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்தார். அதன்பிறகு முனீஸ் வீட்டில் யாரும் சாகவில்லை.

வரைவு இ தான் நடந்தது. முனீஸ் போனைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். ஜோதிகா அவன் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"அண்ணே, நான் ஜோதிகா பேசுறேன். நாளைக்கு அவுகளும் வரமாட்டாக. நானும் வரல."

"ஏம்மா? யாருக்கு என்னாச்சுங்க?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகலண்ணே. சாவுமில்ல, காய்ச்சலுமில்ல. புள்ளயக் கூட்டிட்டு வெளிய விளையாடப் போறோம். அதேன் காரணம்."

அந்தப் பக்கம் சென்னிமலை சிரித்தார். "வெளையாடறதுக்கா? அதுக்கெல்லாம் லீவு கேப்பாங்களாம்மா?"

"துணிக்கு லீவு கொடுக்குறீகள்ல? ரோல்ல இருந்து பிரிச்ச துணிய ஒரு நா முழுக்க மேசையில சும்மாதான போட்டு வைக்கிறீக? உடனே வெட்டுனா பின்னாடி சுருங்கிப்போகும்னு. எம்புள்ள லீவு விட்டதுல இருந்து சுத்துன ரோலாத்தேன் கெடக்கு. ஒரு நா பிரிச்சுப் போடப் போறோம். அம்புட்டுத்தேன்."

போனை வைத்துவிட்டாள். முனீஸ் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

4

இதுவரை எழுதியதை இளங்குமரனுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

"மேடம், கட்டுரை கேட்டேன், கதை வந்திருக்கு. பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தம்மா பேசறது நம்பற மாதிரி இல்லையே. வேலை போயிடும்னு தெரிஞ்சும் யாராவது விளையாடப் போறோம்னு சொல்வாங்களா? குழந்தைக்குக் காய்ச்சல்னு வெச்சுக்கலாமே. வாசகருக்கு ஒரு இரக்கம் வரும்."

நான் சொன்னேன்: "இரக்கம் வேண்டாங்க. காய்ச்சல் வந்தாத்தான் ஒரு டெய்லர் குழந்தை உங்க பத்திரிகைக்குள்ள வரோணுமா? வெளையாடிட்டு வரக் கூடாதுங்களா?"

அவர் பேச்சை மாற்றினார். "முனீஸ் பாத்திரம் வலுவா இல்லையே மேடம்" என்றார்.

இதை ஒப்புக்கொள்கிறேன். முனீஸை எனக்கு எழுத வரவில்லை. போனை மனைவியிடம் விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தவன் கோழையா, இல்லை வழிவிட்டவனா? அன்று ராத்திரி சமைக்கும்போதும் யோசித்தேன். அடுத்த பகுதியில் அவனே ஏதாவது செய்கிறானா பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

5

ஞாயிறு காலை தாராபுரம் பஸ். அனு ஜன்னலோரம். குண்டடத்தில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் குமரனின் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். காற்று அடித்த அடியில் ஜோதிகாவின் தூக்குவாளி மூடி பறந்தது. முனீஸ் சட்டையைக் கழற்றி, போனோடு வேலமரத்துக் கிளையில் மாட்டினான்.

"ஓடு கண்ணு. இங்க எந்தச் செவுரும் இல்ல" என்றேன்.

ஓடினாள். நாலைந்து எட்டு வைத்தாள். திரும்பினாள். எங்களிடம் ஓடிவந்தாள். மறுபடி ஓடினாள். அதே இடம் வந்ததும் திரும்பினாள். கையை நீட்டி, இல்லாத ஒன்றைத் தட்டிவிட்டுத் திரும்பினாள்.

முனீஸ் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான். ஜோதிகாவுக்குத்தான் முதலில் புரிந்தது. அது வீட்டின் நீளம். அவள் எழுந்து போய் அந்த இடத்தில் நின்றாள்.

"இங்க ஒண்ணுமில்லடி. பாரு, அம்மா நிக்கிறேன்ல?"

"தெரியும்மா. ஆனா காலு திரும்பிருது."

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். கட்டுரைக்கு இதை எப்படி மாற்றுவது? 'நான்காவது விஷயம்: உங்கள் குழந்தையின் காலிலிருந்து சுவரை'

அடிக்கிறேன்.

முனீஸ் எழுந்தான். பையைத் திறந்தான். மரத்தடியில் விரிக்க என்று கொண்டுவந்த துணியை எடுத்து உதறினான். டியூப் துணி. எங்கள் ஊர் பனியன் துணி வட்ட மெஷினில் குழாயாகத்தான் பின்னி வரும். இரண்டு பக்கமும் வாய் திறந்த, நீண்ட பை. ஊசி உடைந்து நெடுகக் கோடு விழுந்ததால் வேஸ்ட்டில் போட்டிருந்த துண்டு அது. ஒரு வாயை என் கையில் கொடுத்தான்.

"அக்கா, இதப் புடிங்க. நல்லா விரிச்சுப் புடிங்க. விட்றாதீக."

மறு வாயைப் பிடித்துக்கொண்டு நடந்தான். ஜோதிகா நிற்கிற இடத்தைத் தாண்டினான். இன்னும் தாண்டினான். துணி முழுக்க இழுபட்டு நின்ற இடத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, வாயை விரித்துப் பிடித்தான்.

"அனு! அத்தைகிட்ட நுழைஞ்சு எங்கிட்ட வா. செவுருக்கு அடியில வழி போட்டுருக்கேன்."

"உள்ள இருட்டா இருக்குமாப்பா?"

"வெள்ளத் துணிதான? வெயிலு தெரியும். வா."

என் பக்கம் குனிந்து உள்ளே பார்த்தாள். என்னைப் பார்த்தாள். முட்டி போட்டாள். நுழைந்தாள்.

6

அப்போதுதான் என் பக்கத்துக் கிளையில் மாட்டிய சட்டைக்குள் போன் அடித்தது. காற்றில் சட்டை திரும்பியபோது சட்டைப் பையின் மெல்லிய துணி வழியாகத் திரையில் பெயர் தெரிந்தது. சென்னிமலை.

இங்கே ஒரு முடிவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். இளங்குமரனுக்குப் பிடித்த முடிவு இது: சென்னிமலை மனம் மாறி, 'நானும் எம்பையனக் கூட்டிட்டு வாறனுங்க, எடம் எங்கீங்க?' என்று கேட்கிறார். இனிக்கிறது. எனக்குக் கசக்கிறது. விளையாடுவதற்கு சூப்பர்வைசரின் மனமாற்றம் எதற்கு?

இன்னொன்று: மெஷினில் வேறு ஆள் உட்கார்ந்துவிட்டான் என்று சொல்லக் கூப்பிடுகிறார். இதுவும் நடக்கும். நடந்தால் உங்களுக்குக் கதை முடிந்த திருப்தி கிடைக்கும். தப்பு செய்தவர்கள் தண்டனை அனுபவித்த கதை. ஆனால் இங்கே தப்பு எது?

திங்கட்கிழமை என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். பக்கத்து வீடுதானே. சொல்ல மாட்டேன். உங்களுக்கு வேண்டுமென்றால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டே நிபந்தனை. கதையில் எந்த இடத்திலும் காய்ச்சலை நுழைக்காதீர்கள். அனுவை நடுவில் வெளியே இழுக்காதீர்கள்.

போன் இன்னும் அடிக்கிறது. முனீஸ் கிளையைப் பார்க்கிறான். எழுந்து ஓடினால் எடுத்துவிடலாம். எடுத்தால் துணியின் வாய் மூடிக்கொள்ளும். அவன் பார்வை துணிக்குத் திரும்புகிறது. கை அசையவில்லை.

துணிக்குள் ஒரு சின்ன மேடு நகர்கிறது. ஜோதிகாவின் கால் பக்கம் வந்ததும் நிற்கிறது. அந்த இடம்தான். உள்ளேயிருந்து ஒரு கை எழுந்து, துணியைத் தட்டிப் பார்க்கிறது. துணி வளைந்து கொடுக்கிறது. மேடு மெல்ல அவளைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறது.

போனை எடுத்தே ஆகவேண்டும் என்றால் நீங்கள் எடுங்கள். முனீஸுக்குக் கை ஒழியவில்லை. துணியின் இந்த முனையை நான் பிடித்திருப்பதால், இதற்கு மேல் எழுத எனக்கும் கை ஒழியவில்லை.